எப்போ செத்தான்?

கல்யாண வீட்டுப் பந்தி. பாயசம் வருகிற நேரம். பக்கத்து இலையில் உட்கார்ந்திருந்த நண்பரின் செல்போன் அடித்தது. இடது கையால் எடுத்துக் காதில் வைத்தவர், கொஞ்சமும் பதறாமல் கேட்டார்.

'எப்போ செத்தான்?'

எதிர்வரிசைப் பாட்டி ஒருவர் அப்பளத்தை அப்படியே இலையில் வைத்துவிட்டார்.

'ராத்திரி ரெண்டே காலா? அவங்க ஊர் டைம்தானே? சரி, யாரும் கை வெக்காதீங்க. டம்ப் முழுசா வந்திருக்கா? பாதிதான் வந்திருக்குன்னா பிரயோஜனமில்லை. ஒரு மணி நேரத்துல வந்து பார்க்கறேன்.'

போனை வைத்துவிட்டு, இன்னொரு கரண்டி பாயசம் கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். பாட்டிக்குத்தான் அதற்குமேல் இறங்கவில்லை.

இது 2000-களின் தொடக்கத்தில் நடந்தது. செத்தது ஆள் இல்லை, ஒரு புரோகிராம். கடல் கடந்த ஏதோ ஒரு நிறுவனத்தின் மெயின்ஃபிரேம் கம்ப்யூட்டரில் ராத்திரி ஓடவேண்டிய கணக்கு வழக்கு நடுவழியில் மண்டையைப் போட்டுவிட்டது. அது ஏன் செத்தது என்று கண்டுபிடிப்பதுதான் சென்னையில் உட்கார்ந்துகொண்டு என் நண்பர் பார்த்த உத்தியோகம். போஸ்ட்மார்ட்டம் டாக்டர் மாதிரி. டம்ப் என்று அவர் சொன்னதுதான் பிரேதம்.

நான் பி.காம். டெபிட், கிரெடிட் தாண்டி எந்த மெஷினோடும் எனக்குப் பெரிய சிநேகம் கிடையாது. ஆனாலும் அன்றைக்கு மண்டபத்து வாசலில் வெற்றிலை போட்டபடி அவர் சொன்ன ஒரு கமாண்டின் கதை மட்டும் இத்தனை வருஷம் கழித்தும் மனசில் அப்படியே உட்கார்ந்திருக்கிறது. ஒரே ஒரு வரி கமாண்ட்தான். ஆனால் அதற்குப் பின்னால் ஐம்பது வருஷ சரித்திரம் இருக்கிறது. அதைச் சொல்ல ஒரு பூச்சியிலிருந்து ஆரம்பிக்கவேண்டும்.

*

1947, செப்டம்பர் 9. ஹார்வர்டு பல்கலைக்கழகத்தின் மார்க்-2 கம்ப்யூட்டர் மக்கர் செய்தது. அறை கொள்ளாத மெஷின் அது. உள்ளே ஆயிரக்கணக்கில் ரிலேக்கள். திறந்து பார்த்தால், ஒரு ரிலேயின் இடுக்கில் விட்டில்பூச்சி ஒன்று சிக்கிச் செத்துக் கிடக்கிறது.

நீங்களும் நானுமாக இருந்தால் என்ன செய்வோம்? ஊதித் தள்ளிவிட்டு மெஷினை மறுபடி போடுவோம். அங்கே இருந்தவர்கள் அப்படிச் செய்யவில்லை. பூச்சியை எடுத்து, மெஷினின் தினசரிப் பதிவேட்டில் டேப் போட்டு ஒட்டினார்கள். எந்த நேரத்தில், எந்த ரிலேயில் கிடைத்தது என்று எழுதினார்கள். நிஜமாகவே ஒரு 'பக்' கண்டுபிடிக்கப்பட்ட முதல் சம்பவம் இது என்று பக்கத்தில் ஒரு கிண்டல் குறிப்பும் போட்டார்கள். இயந்திரக் கோளாறை 'பக்' என்று சொல்கிற வழக்கம் எடிசன் காலத்திலேயே உண்டு. அதனால்தான் அந்தக் கிண்டல்.

பின்னாளில் கிரேஸ் ஹாப்பர் அம்மையார் போகிற இடமெல்லாம் இந்தக் கதையைச் சொல்லிப் பிரபலமாக்கினார். பூச்சியைப் பிடித்ததே அவர்தான் என்று பலபேர் எழுதிவிட்டார்கள். இல்லை. அவர் கதை சொன்னவர்.

அந்தப் பக்கம், ஒட்டிய பூச்சியோடு, இன்று அமெரிக்காவின் ஸ்மித்சோனியன் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. யோசித்துப் பாருங்கள். பூச்சி மட்டும் என்றால் அது குப்பை. குறிப்பு மட்டும் என்றால் யாரோ விட்ட கதை. ரெண்டும் ஒரே பக்கத்தில் இருப்பதால்தான் அது சரித்திரம்.

*

பூச்சியை டேப் போட்டு ஒட்டலாம். புரோகிராமை எப்படி ஒட்டுவது?

செத்த புரோகிராமுக்கு உடம்பு என்று ஒன்று உண்டென்றால் அது மெமரியில் இருக்கிறது. சாகிற நொடியில் எந்த எண் எங்கே இருந்தது, எந்த வரி ஓடிக்கொண்டிருந்தது, எல்லாம் அங்கேதான். 1953-ல் அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில் ஜே ஃபாரஸ்டர் என்பவரின் குழு, வேர்ல்விண்ட் என்ற கம்ப்யூட்டரில் ஒரு புதுவகை மெமரியைப் பொருத்தியது. குட்டிக் குட்டிக் காந்த வளையங்கள், அவற்றின் நடுவே ஊடும் பாவுமாக மெல்லிய கம்பிகள். ஒரு வளையத்துக்கு ஒரு பிட். வளையத்துக்கு 'கோர்' என்று பெயர். பிற்பாடு இந்த வளையங்களைக் கம்பியில் கோத்தவர்களில் பெரும்பாலோர் பெண்கள். பூக்கட்டுகிற மாதிரி, ஆனால் பூதக்கண்ணாடி வைத்துக்கொண்டு.

இந்தக் கோர் மெமரிக்கு ஒரு விசேஷ குணம். கரண்ட் போனாலும் வளையத்தின் காந்தம் போகாது. அதாவது, பிரேதம் அழுகாது! மெஷின் செத்து விழுந்தால்கூட, மெமரியில் இருந்ததை ஒன்றுவிடாமல் எடுத்து வெளியே கொட்டிப் பார்க்கலாம். இப்படிக் கொட்டுவதற்குத்தான் 'கோர் டம்ப்' என்று பெயர் வந்தது. காந்த வளையங்கள் காயலான் கடைக்குப் போய்ப் பல வருஷம் ஆயிற்று. பெயர் மட்டும் இன்னும் புழக்கத்தில் இருக்கிறது.

அடுத்து 1964, ஏப்ரல் 7. ஐ.பி.எம். நிறுவனம் சிஸ்டம்-360 என்ற கம்ப்யூட்டர் குடும்பத்தை அறிவித்தது. திசைகாட்டியில் 360 டிகிரி உண்டல்லவா? எல்லா திசைக்கும், எல்லா வேலைக்கும் ஒரே குடும்பம் என்று அர்த்தம். சின்ன மாடலில் எழுதிய புரோகிராம் பெரிய மாடலிலும் ஓடும். அதுவரை அப்படி ஒரு சௌகரியம் கிடையாது. 500 கோடி டாலர் செலவு என்று சொல்கிறார்கள். தோற்றிருந்தால் ஐ.பி.எம்.மே தலையில் துண்டு போட்டுக்கொண்டிருக்கும்.

தோற்கவில்லை. பேங்க், இன்ஷூரன்ஸ், விமான டிக்கெட், அரசாங்கச் சம்பளப் பட்டியல் எல்லாம் அந்தக் குடும்பத்தின் மேல் ஏறி உட்கார்ந்தன. இன்றைக்கும் அதன் வாரிசுகள் மேல்தான் உலகத்தின் பெரிய பேங்குகள் பல உட்கார்ந்திருக்கின்றன.

மெஷின் ஜெயித்தது. அதற்கு எழுதிய ஆபரேட்டிங் சிஸ்டம்தான் படுத்தி எடுத்துவிட்டது. ஆட்களைக் கூட்டக் கூட்ட வேலை பின்னால் போனது. அந்த வேலைக்குத் தலைமை தாங்கிய ஃபிரெட் புரூக்ஸ், பட்ட பாட்டையெல்லாம் 1975-ல் ஒரு புத்தகமாகவே எழுதினார். சாஃப்ட்வேர்க்காரர்கள் இன்றும் அதைப் படிக்கிறார்கள். ஒரு வகையில் அதுவும் போஸ்ட்மார்ட்டம் ரிப்போர்ட்தான். எழுதியது டாக்டரே என்பதுதான் விசேஷம்.

*

சிஸ்டம்-360 உலகத்தில் ஒரு புரோகிராம் இயற்கை மரணம் அடையாமல் நடுவில் விழுந்தால் அதற்கு 'அபெண்ட்' என்று பெயர். அப்நார்மல் எண்ட் என்பதன் சுருக்கம். ஜெர்மன் மொழியில் அபெண்ட் என்றால் சாயங்காலம். விழுகிற புரோகிராம் எப்போதும் ஆபீஸை விட்டுக் கிளம்புகிற நேரத்தில்தான் விழும், அதனால்தான் அந்தப் பெயர் என்று இந்தத் தொழிலில் ஒரு ஜோக் உண்டு.

அபெண்டுக்கு நம்பர் உண்டு. டைம் மீறினால் 322. கூப்பிட்ட புரோகிராமே ஊரில் இல்லை என்றால் 806. இதில் உலகப் புகழ் பெற்றது எஸ்-0-சி-7. சென்னையில் அதற்குச் செல்லப்பெயர் 'சாக் செவன்'. எண் இருக்கவேண்டிய இடத்தில் எண் இல்லை, வேறு ஏதோ கண்டான்முண்டான் இருக்கிறது என்று அர்த்தம்.

டம்பைப் பார்த்தால் என்ன தெரியும்? சத்தியமாக உங்களுக்கும் எனக்கும் ஒன்றும் தெரியாது. வரி வரியாக எண்ணும் எழுத்தும் கலந்து ஓடும். 0-விலிருந்து 9 வரை, பிறகு ஏ-யிலிருந்து எஃப் வரை. பதினாறு குறிகளில் ஒரு பாஷை. தெரிந்தவர்களுக்கு அதில் முகம் தெரியும். அந்த பாஷையில் வெற்றிடத்துக்குக் குறி 40. சம்பளத் தொகை இருக்கவேண்டிய இடத்தில் 40 40 40 40 என்று வரிசையாக நின்றால், யாரோ அந்தக் கட்டத்தைப் பூர்த்தி பண்ணாமல் விட்டிருக்கிறார்கள். அவ்வளவுதான். ஒரு குமாஸ்தாவின் ஒரு நிமிஷ அசட்டை, ஒரு ஆபீஸ் முழுவதற்கும் ராத்திரி சம்பளப் பட்டியலை நிறுத்திவிட்டது.

படிக்கிறவன் பாவம் என்று புரோகிராம் எழுதுகிறவர்களும் ஓர் உதவி செய்தார்கள். முக்கியமான இடங்களின் தலைமாட்டில் படிக்கக்கூடிய ஒரு சொல்லைப் போட்டுவைத்தார்கள். எண்களின் காட்டுக்குள் அந்தச் சொல் மட்டும் கண்ணில் படும். மைல்கல் மாதிரி. நாளைக்கு இது சாகும், அன்றைக்கு எவனோ ஒருத்தன் வந்து பார்ப்பான் என்று பிறக்கும்போதே நினைத்துச் செய்த ஏற்பாடு.

அந்தக் காலத்தில் டம்ப் பேப்பரில் வரும். 1403 என்ற பிரின்டர். அதில் வேகமான மாடல் நிமிஷத்துக்கு 1,100 வரி அடிக்கும். 256 கே மெமரி உள்ள மெஷின் என்று வையுங்கள். வரிக்கு 32 பைட் என்றால் எட்டாயிரத்துச் சொச்சம் வரி. சுமார் 140 பக்கம். ஏழெட்டு நிமிஷத்தில் அடித்து முடித்துவிடும். அக்குளில் இடுக்கிக்கொண்டு வீட்டுக்குப் போய்ப் படிக்கலாம்.

படித்தார்கள். பென்சிலால் வட்டம் போட்டார்கள். 'இங்கே வரை சரி', 'இது எப்படி இங்கே வந்தது?' என்று ஓரத்தில் எழுதினார்கள். பத்து நாள் கழித்து அதே மாதிரி இன்னொன்று செத்தால், பீரோவிலிருந்து பழைய கட்டை எடுத்து, பென்சில் குறி போட்ட பக்கத்தை மட்டும் புரட்டினார்கள். 140 பக்கப் பிரேதத்தில் உயிர் இருந்தது அந்தப் பென்சில் குறிப்பில்தான்.

*

மெமரி வளர்ந்தது. இன்றைய செல்போனுக்கே போதாத ஒரு ஜி.பி. மெமரியை அந்த 1403 பிரின்டரில் கொட்டினால் மூன்று கோடி வரிக்கு மேல் வரும். ஐந்தரை லட்சம் பக்கம். ராப்பகலாக 21 நாள் அடிக்கவேண்டும். பேப்பர்க் கடைக்காரர் வீடு கட்டிவிடுவார்.

ஆகவே டம்ப் பேப்பரை விட்டு டிஸ்க்குக்குப் போனது. அதைத் திரையில் பார்க்க ஐ.பி.எம். ஒரு சாதனம் கொடுத்தது. இன்டராக்டிவ் பிராப்ளம் கன்ட்ரோல் சிஸ்டம். சுருக்கமாக ஐ.பி.சி.எஸ். டம்பைத் திறந்து, வேண்டிய இடத்துக்குப் போய், வேண்டியதை மட்டும் பார்க்கலாம்.

எல்லாம் சரி, அந்தப் பென்சில் குறிப்பு என்ன ஆயிற்று?

இங்கேதான் என் பி.காம். மூளைக்கு வெளிச்சம் வந்தது. ஐ.பி.சி.எஸ்.ஸில் டம்ப் ஒரு இடத்தில் இருக்கும். டம்பைப் பற்றிய விவரம் வேறொரு இடத்தில் இருக்கும். அதற்கு 'டம்ப் டைரக்டரி' என்று பெயர். ஒரு டம்பை முதல்முறை திறக்கும்போது ஐ.பி.சி.எஸ். அதை மேலிருந்து கீழ் துழாவி, எது எங்கே இருக்கிறது என்று ஒரு வரைபடம் போட்டு, இந்த டைரக்டரியில் எழுதிக்கொள்கிறது. பெரிய டம்ப் என்றால் இதற்கே நேரம் பிடிக்கும். அப்புறம் மனுஷன் உட்கார்ந்து ஆராயும்போது, 'இந்த இடத்துக்கு இந்தப் பெயர்' என்று சூட்டி, பக்கத்தில் தன் கருத்தையும் ஒரு வரி எழுதிவைக்கலாம். அதுவும் டைரக்டரிக்குள் போய்விடும்.

காலேஜில் அக்கவுன்டன்சி எடுத்தவர்களுக்கு ஞாபகம் இருக்கும். குறிப்பேட்டில் ஒரு பதிவு போட்டால், டெபிட், கிரெடிட் எழுதினால் மட்டும் போதாது. அடியில் ஒரு விளக்கக் குறிப்பு எழுதவேண்டும். இன்னாரிடம் சரக்கு கடனுக்கு வாங்கியது, இன்ன தேதிப் பட்டியல்படி என்று. எழுதாவிட்டால் என் புரொபசர் ஒரு மார்க் வெட்டுவார். 'தொகை இன்னிக்கு உனக்குப் புரியும்டா. அஞ்சு வருஷம் கழிச்சு வர்ற ஆடிட்டருக்கு யார் சொல்லுவா?' என்பார்.

டம்ப் என்பது தொகை. டைரக்டரியில் இருப்பது விளக்கக் குறிப்பு.

சரி, குறிப்பு இருக்கிறது. யாரிடம் இருக்கிறது? அங்கேதான் சிக்கல். ஐ.பி.சி.எஸ்.ஸில் உட்காருகிற ஒவ்வொருவருக்கும் சொந்தமாக ஒரு டைரக்டரி. இதைத் தவிர, பல மெயின்ஃபிரேம்கள் ஒரே குடும்பமாக ஓடுகிற இடத்தில் எல்லாருக்கும் பொதுவாக ஒன்று இருக்கும். சிஸ்டமே எங்கே எது செத்தாலும் அந்தப் பொது ஏட்டில் ஒரு பதிவு போட்டுவிடும். ஸ்டேஷனில் எஃப்.ஐ.ஆர். போடுகிற மாதிரி. ஆனால் பொது ஏட்டிலேயே ஆளாளுக்கு உட்கார்ந்து எழுத ஆரம்பித்தால் அடுத்தவன் காத்திருக்கவேண்டியதுதான். என்ன செய்வது?

அதற்குத்தான் அந்த ஒரு வரி கமாண்ட். 'காப்பி-டி-டிர்'. பெயரில் காப்பி இருக்கிறதே என்று டம்ளரைத் தேடாதீர்கள். காப்பி டம்ப் டைரக்டரி என்பதன் சுருக்கம். எந்த ஏட்டிலிருந்து எடுக்கவேண்டும், எந்த டம்பைப் பற்றிய விவரம் வேண்டும் என்று சொன்னால் போதும். அந்த விவரத்தை மட்டும் நகலெடுத்து உங்கள் சொந்த ஏட்டில் கொண்டுவந்து வைத்துவிடும். ஒன்று வேண்டுமானால் ஒன்று, எல்லாம் வேண்டுமானால் எல்லாம்.

கவனியுங்கள். டம்ப் அசையவில்லை. லட்சக்கணக்கான வரிகள் அப்படியே கிடந்த இடத்தில் கிடக்கின்றன. நகர்வது குறிப்பு மட்டும். ஒருத்தர் ரெண்டு நாள் மண்டையை உடைத்துக்கொண்டு கண்டுபிடித்தது, அடுத்தவர் மேஜைக்கு வந்துவிடுகிறது. அவர் முதல் பக்கத்திலிருந்து ஆரம்பிக்க வேண்டாம். முன்னவர் விட்ட இடத்திலிருந்து தொடங்கலாம். பழைய பென்சில் குறிப்பை, கட்டைத் தூக்காமலேயே அடுத்த பீரோவுக்கு அனுப்பிவிட்டார்கள்.

இதே யோசனையின் இன்னொரு கிளையும் மெயின்ஃபிரேமில் உண்டு. ஏதாவது செத்தால், சாவின் அடையாளங்களைக் கோத்து சிஸ்டம் ஒரு குறிப்பு தயாரிக்கும். எந்தப் பகுதி, என்ன காரணம், என்ன கோடு என்று. அதே அடையாளங்களோடு ஏற்கெனவே ஒன்று பதிவாகியிருந்தால், 'இந்தச் சாவு எனக்குத் தெரியும்' என்று புது டம்ப் எடுக்காமலேயே விட்டுவிடச் சொல்லி வைக்கலாம். ஒரே கொலைக்கு ரெண்டு போஸ்ட்மார்ட்டம் எதற்கு?

*

மண்டபத்து வாசலில் நண்பர் சொன்ன கதை இதுதான்.

அதற்கு ஆறு மாதம் முன்னால் ஒரு புரோகிராம் செத்தது. டம்ப் வந்தது. இவர் மூன்று ராத்திரி கண்விழித்துக் காரணத்தைப் பிடித்தார். எழுதி அனுப்பியபோது, பழைய ஆள் ஒருவர் சாவகாசமாகச் சொன்னாராம். 'அடடே, போன வருஷமும் இதேதானே? நம்ம பையன் ஒருத்தன் கண்டுபிடிச்சு வெச்சிருந்தானே!'

அந்தப் பையன் வேறு வேலை கிடைத்துப் போய்விட்டான். போன அன்றே ஐ.டி.யை ரத்து செய்து, அவன் பேரில் இருந்த ஃபைல்களையும் துடைத்துவிட்டார்கள். அவனுடைய டைரக்டரியும் அதோடு போயிற்று. போவதற்கு முன்னால் ஒரு வரி கமாண்ட் அடித்து அதை யாராவது நகலெடுத்து வைத்திருக்கலாம். நேரம் ஒரு நிமிஷம். யாருக்கும் தோன்றவில்லை. 'பிரேதம் பத்திரமா இருந்ததுப்பா. ரிப்போர்ட்டைத்தான் எரிச்சுட்டாங்க' என்றார்.

இந்த மாதிரி ஆட்கள் நம் ஊருக்கு எப்படி வந்தார்கள் என்பதைச் சொல்லாமல் விட்டால் கதை முழுமையாகாது. சென்னை ஐ.ஐ.டி.க்கு 1973-லேயே ஐ.பி.எம். 370 மெஷின் ஒன்று வந்துவிட்டது. ஆனால் 1978-ல் ஐ.பி.எம். இந்தியாவை விட்டே கிளம்பிவிட்டது. அப்புறம் 1990-களின் கடைசியில் 2000-ஆம் ஆண்டுப் பிரச்னை வந்தது. அமெரிக்காவில் பழைய மெயின்ஃபிரேம் புரோகிராம்களில் வருஷத்துக்கு ரெண்டே இலக்கம். எழுதியவர்கள் ரிட்டயராகிவிட்டார்கள். என்ன எழுதினார்கள், ஏன் எழுதினார்கள் என்பதற்குப் பல இடங்களில் குறிப்பு இல்லை. தேடித் திருத்த ஆயிரக்கணக்கில் ஆட்கள் தேவைப்பட்டார்கள். சென்னையில் தெருவுக்குத் தெரு மெயின்ஃபிரேம் கோச்சிங் போர்டு தொங்கியது அப்போதுதான். ஒருவகையில், முன்னவர்கள் எழுதாமல் விட்ட விளக்கக் குறிப்புதான் நம் பிள்ளைகள் பலருக்கு ஃபிளைட் டிக்கெட் வாங்கிக் கொடுத்தது!

*

மூன்று ராத்திரித் தூக்கம் போனால் பரவாயில்லை. குறிப்பு சரியான கைக்குப் போகாததால் அதைவிடப் பெரிதாகப் போனதும் உண்டு. மெயின்ஃபிரேமுக்கு வெளியே இரண்டு சம்பவங்கள்.

1996, ஜூன் 4. தென் அமெரிக்காவின் பிரெஞ்சு கயானாவிலிருந்து ஐரோப்பாவின் ஏரியான்-5 ராக்கெட் முதல்முறையாகக் கிளம்பியது. நாற்பது விநாடிகூட ஆகவில்லை. திசை மாறி, உடைந்து, வெடித்துச் சிதறியது. உள்ளே இருந்த நாலு செயற்கைக்கோள்களும் போயின. விசாரணைக் குழு சொன்ன காரணத்தைக் கேளுங்கள். திசை காட்டும் கம்ப்யூட்டரில், பழைய ஏரியான்-4-லிருந்து அப்படியே எடுத்துப் போட்ட புரோகிராம். பெரிய எண் ஒன்று சின்னக் கட்டத்துக்குள் அடங்காமல் அது செத்தது. செத்த கம்ப்யூட்டர், தான் ஏன் செத்தேன் என்ற கோளாறு விவரத்தை வெளியே அனுப்பியது. அதைப் பெற்றுக்கொண்ட தலைமைக் கம்ப்யூட்டர், அதை ராக்கெட் பறக்கும் திசை என்று நினைத்துவிட்டது! மரண வாக்குமூலத்தை வழிகாட்டும் பலகையாகப் படித்து, இல்லாத தவறைத் திருத்த ராக்கெட்டை வெடுக்கென்று திருப்பியது. கதை முடிந்தது. இது டம்ப், இது டேட்டா என்று பிரித்துச் சொல்லும் அடையாளம் எவ்வளவு முக்கியம் என்பதற்கு இதைவிடக் காஸ்ட்லியான பாடம் கிடைக்காது.

இரண்டாவது சம்பவத்தில் போனது பணம் மட்டும் இல்லை. பிரிட்டனில் 1999-லிருந்து போஸ்ட் ஆபீஸ்களில் 'ஹொரைசன்' என்ற கணக்கு சாஃப்ட்வேர் வந்தது. கிராமத்துக் கடையோடு சேர்த்து போஸ்ட் ஆபீஸ் நடத்துகிற சாதாரண ஜனங்கள் அதில் கணக்கு முடிப்பார்கள். திடீர் திடீரென்று கல்லாவில் பணம் குறைவதாக அது காட்டியது. ஹெல்ப்லைனுக்குப் போன் செய்து கேட்டவர்களில் பலருக்கு ஒரே பதில். வேறு யாருக்கும் இந்தப் பிரச்னை இல்லை, உங்களுக்கு மட்டும்தான். கைக்காசு போட்டு ஈடுகட்டினார்கள். முடியாதவர்கள் மேல் திருட்டு, பொய்க்கணக்கு என்று கேஸ். 2015 வரை 900-க்கும் மேற்பட்டவர்கள் தண்டிக்கப்பட்டார்கள். சிலர் ஜெயிலுக்கே போனார்கள். குறைந்தது 13 பேர் தற்கொலை செய்துகொண்டிருக்கக் கூடும் என்கிறது 2025-ல் வந்த விசாரணை அறிக்கை.

சாஃப்ட்வேரைப் பராமரித்த எஞ்சினியர்களிடம் ஒரு பதிவேடு இருந்தது. தெரிந்த கோளாறுகளின் பட்டியல். எது, எப்போது, எப்படிக் கோளாறு செய்யும் என்ற குறிப்புகள். அது கல்லாவில் உட்கார்ந்திருந்தவர் கைக்குப் போகவே இல்லை. ஆலன் பேட்ஸ் என்பவர் தலைமையில் 555 பேர் வழக்குப் போட்டபோது, அந்தப் பதிவேட்டைக் கண்ணால் பார்ப்பதற்கே கோர்ட்டில் போராடவேண்டியிருந்தது. 2019 டிசம்பரில் தீர்ப்பு வந்தது. சாஃப்ட்வேரில் கோளாறு இருந்தது உண்மை. 2024-ல் தனிச் சட்டமே போட்டுத் தண்டனைகளை ரத்து செய்தார்கள். அதைப் பார்க்க உயிரோடு இல்லாதவர்கள் பலர்.

கோளாறு இல்லாத சாஃப்ட்வேர் கிடையாது. கோளாறு மட்டும் அந்த ஜனங்களை ஜெயிலுக்கு அனுப்பவும் இல்லை. ஒரு ஏட்டில் இருந்த குறிப்பு இன்னொரு ஏட்டுக்கு நகலாகவில்லை. அதுதான் அனுப்பியது.

*

அந்த நண்பர் சில வருஷம் கழித்து அந்த வேலையை விட்டார். கடைசி நாளன்று கேக் வெட்டக் கூப்பிட்டார்களாம். 'ஒரு பத்து நிமிஷம் இருங்க' என்று சொல்லிவிட்டு, தனக்கு அடுத்து அந்த நாற்காலிக்கு வரப்போகிற பெண்ணைப் பக்கத்தில் உட்காரவைத்தார். அந்தப் பெண்ணின் டைரக்டரிக்குத் தன்னுடையதிலிருந்து எல்லாக் குறிப்பையும் நகலெடுக்கச் சொல்லி, அவளையே அந்தக் கமாண்டை அடிக்கவைத்தார். எத்தனை குறிப்பு நகலாயிற்று என்று கடைசியில் சிஸ்டம் ஒரு கணக்கு சொல்லும். எண்ணிக்கை சரியாக இருக்கிறதா என்று சரிபார்த்துவிட்டுத்தான் எழுந்தார்.

'அந்தப் பொண்ணு உங்ககிட்ட அப்புறம் ஏதாவது பேசினாளா?' என்று கேட்டேன்.

'மூணு மாசம் கழிச்சு ஒரே ஒரு போன். ராத்திரி ஒரு மணிக்கு ஒண்ணு செத்துதாம். என் பழைய குறிப்பைப் பார்த்து அரை மணியில முடிச்சுட்டாளாம். நல்லாத் தூங்கினேன் சார்னு சொல்லிட்டு வெச்சுட்டா.'

அதைச் சொன்னபோது அவர் முகத்தில் இருந்த சந்தோஷத்தை, அந்தக் கல்யாணப் பாயசத்தின்போதுகூட நான் பார்த்ததில்லை.